தென்துருவக் கடலில் கட்டிய தூளி

நான் ஓய்வு பெற்று வெகுநாளாகிவிட்டது. ஆனாலும் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் செவிலியப் பெண்களில் யாராவது வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினால், போவதற்கு முன் என் வீட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போவார்கள். எந்தப் பெட்டி வாங்குவது, ஊறுகாய் எடுத்துப் போக விடுவார்களா என்றெல்லாம் கேட்பார்கள். போன மாதம் ஸ்டெல்லா வந்தாள். குவைத்துக்குப் போகிறாள். அவள் மகனுக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

“சிஸ்டர், ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே?”

“கேளும்மா.”

“நீங்க அந்த ஐஸ் கடலுக்குப் போயிட்டு வந்தப்போ, உங்க பொண்ணு உங்கள மறந்துட்டாளா?”

“இப்பதான் போன்லயே மூஞ்சி பாத்துக்கலாமே, கவலப்படாத” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவள் போன பிறகு அதுவே மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவள். வீட்டில் தறி. பள்ளி முடித்ததும் சென்னையில் செவிலியர் படிப்பு, பிறகு சென்னைக்கும் பினாங்குக்கும் போய்வந்த ஒரு பயணிகள் கப்பலில் செவிலியர் வேலை. அந்தக் கப்பலின் மருத்துவர் டாக்டர் டிசோசா. கோவாக்காரர். ஒல்லியானவர், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நிலக்கரி வாரும் ஆளையும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். நோயாளியின் பெயரைக் கேட்பதற்கு முன் மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். மருத்துவ அறைக்குள் நுழைந்ததும் கதவருகிலேயே நின்று, அறையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்.

“சிஸ்டர், எது முதல் விழும்?”

கடலில் வேலை என்றால் அதுதான். எது முதலில் விழும் என்று தெரிந்தால் அதை முதலில் கட்டிவிடலாம். ஈரத் துண்டை விரித்து அதன்மேல் கருவிகளை வைத்தால் நழுவாது. ஊசிப் புட்டியை மேசையில் வைக்கக் கூடாது, சட்டைப் பையில்தான் வைக்க வேண்டும். படுக்கையின் வெளி ஓரத்தில் மெத்தைக்கு அடியில் உயிர்காப்பு மிதவையைச் செருகினால் மெத்தை சுவர்ப்பக்கம் சாய்ந்துகொள்ளும், ஆள் உருள மாட்டார். இவையெல்லாம் அவரிடம் கற்றவை.

பிறகு எனக்குத் திருமணமாயிற்று. கணவர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியர். கப்பல் வேலையை விட்டேன். வசந்தி பிறந்தாள்.

அவளுக்கு ஒன்றரை வயதாகும்போது, எழுபதுகளின் தொடக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் டிசோசா தன் தங்கையின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வந்தார். என்னைத் தேடி என் அக்கா சரோஜாவின் வீட்டுக்கே வந்துவிட்டார். நாங்களும் அதே தெருவில்தான் இருந்தோம், ஆனால் பகலெல்லாம் நான் அக்கா வீட்டில்தான் கிடப்பேன். தறிக்குப் பக்கத்தில் உத்தரத்தில் என் நூல் புடவையால் தூளி கட்டியிருந்தது. வசந்தி அதில் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் வாசலில் நின்று, இடமிருந்து வலமாக அறையைப் பார்த்தார். கடைசியில் தூளிக்கு மேலே இருந்த முடிச்சை அண்ணாந்து பார்த்தார்.

“நல்ல கட்டு. இது விழாது” என்றார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். தென் அமெரிக்காவின் தென்கோடித் துறைமுகத்திலிருந்து ஒரு சிறு கப்பல் பணக்காரப் பயணிகளை அண்டார்டிகாவுக்கு ஏற்றிப்போகிறது. அங்கே கோடைக்காலம் இருக்கும் சில மாதங்களுக்கு மட்டும் வேலை. அவர் மருத்துவராகப் போகிறார். ஆடும் கப்பலில் நிற்கத் தெரிந்த ஒரு செவிலியர் வேண்டும்.

நான் முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். இரவெல்லாம் யோசித்தேன். சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் சம்பளத்துக்காகத்தான் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. என் கணவரின் வகுப்பில் ஓர் உலகப்படம் உண்டு. அதன் அடியில் வெள்ளையாக ஒரு பட்டை. அதன்மேலேயே சுருட்டும் கட்டையை வைத்து ஆணி அடித்திருப்பார்கள். “பசங்க அது இன்னான்னு கேக்கறதே இல்ல. ஓரம்னு நெனச்சிக்கிறாங்க” என்று அவர் சொல்வார். எனக்கு அந்த ஓரத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்திக்கு அப்படி ஆசை வரலாமா என்பதுதான் இரவெல்லாம் என்னை வாட்டியது.

அக்காதான் முடிவு சொன்னாள். “போயிட்டு வாயேன். என் புள்ளைங்களோட இதுவும் ஒண்ணு.”

“என்ன மறந்துடுவாக்கா.”

“மறக்கட்டுமே. ஒன்ன பெத்தவ நானாடி? ஆனாலும் நான்தான வளத்தேன். வந்து திரும்ப சொல்லிக் குடு.”

கிளம்பும் நாளில் தூளிக்கு நான் கட்டிக்கொண்டிருந்த நீலப் புடவையைக் கொடுத்தேன். என் வாசனை அதில் இருக்கட்டும், துவைக்காமல் வைத்திரு என்றேன். “புள்ள அதுல ஒண்ணுக்குப் போவும். தொவைக்காம இன்னா பண்றது?” என்று அக்கா சிரித்தாள். ஆனால் வசந்தி அதுவரை படுத்திருந்த பழைய மஞ்சள் புடவையைத் துவைக்காமலே மடித்து என் பெட்டியில் வைத்தாள். “அவளுது ஒனக்கு.”

பயணத்தில் செய்தி அனுப்புவது பற்றிக் கணவரும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கெட்ட செய்தி என்றால் மட்டும் கப்பலுக்குத் தந்தி. எதுவும் வராவிட்டால் வசந்தி நன்றாக இருக்கிறாள். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. கப்பலில் ஏறிய பிறகுதான் அதன் கொடுமை புரிந்தது. வயர்லெஸ் அதிகாரி மருத்துவ அறைப் பக்கம் நடந்து வந்தாலே, வேலையை விட்டுவிட்டு அவர் கையில் காகிதம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தலைவலி மாத்திரைக்காகத்தான் வந்திருப்பார். விஷயத்தை டாக்டர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் அவர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தந்தி இல்லை என்று தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டுத்தான் பக்கத்தில் வருவார்.

பினாங்குக் கடல் எனக்குப் பழக்கம். அதை வைத்து இந்தக் கடலை எடை போட்டது தவறு. தென் அமெரிக்கா முடிந்து அண்டார்டிகா தொடங்கும்வரை நடுவில் அலையைத் தடுக்க நிலமே கிடையாது. உலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கொழுத்த அலைகள் அவை. கப்பல் ஒரு பக்கம் சாயும்; சாய்ந்துகொண்டே இருக்கும்; இனி நிமிராது என்று நினைக்கும்போது நிமிர்ந்து மறுபக்கம் போகும். சாப்பாட்டு மேசையில் விரிப்பை நனைத்துப் போடுவார்கள். சூப்பைக் கோப்பையில் பாதிதான் ஊற்றுவார்கள். பயணிகள் பாதிப்பேர் படுக்கையைவிட்டு எழவில்லை. டாக்டரும் நானும் அவித்த உருளைக்கிழங்கும் காய்ந்த ரொட்டியும் தின்று, சுவரைப் பிடித்துப் பிடித்து அறை அறையாக ஊசி போட்டுக்கொண்டு போனோம். அந்த ஆட்டத்திலும் அவர் தினமும் முகச்சவரம் செய்துகொண்டு வருவார். ஒரு நாள் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, “கத்தி விழவில்லை, சிஸ்டர். நான்தான் விழுந்தேன்” என்றார்.

வெளியே ஆல்பட்ராஸ் பறவைகள் சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் கப்பலோடு வந்தன. இவ்வளவு ஆட்டத்தில் அவை மட்டும் ஆடாமல் இருந்ததைப் பார்க்க எரிச்சலாக வந்தது.

பிறகு ஒரு காலையில் ஆட்டம் நின்றுவிட்டது. மேல்தளத்துக்கு ஏறினேன். கடல் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தாமல் ஏரியைப் போலக் கிடந்தது. அதில் தேர் அளவு, கோபுரம் அளவு பனிக்கட்டிகள் மிதந்தன. வெள்ளை என்று நினைத்துக்கொண்டு போனேன். அவற்றின் பிளவுகளில் நாங்கள் பட்டுக்குப் போடும் நீலங்களில் எதிலும் சேராத ஒரு நீலம் இருந்தது. திமிங்கிலம் ஒன்று மூச்சுவிட்டது. அந்த மூச்சு அழுகிய மீன் நாற்றம் நாறியது. அழகும் நாற்றமும் அங்கே எப்போதும் சேர்ந்தேதான் இருந்தன. பெங்குவின் கூட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கருவாட்டுச் சந்தை மாதிரி மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ரப்பர் படகில் பயணிகளோடு ஒரு செவிலியரும் கரைக்குப் போக வேண்டும் என்பது விதி. ஆண்களின் கம்பளிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நானும் போனேன். ஆயிரக்கணக்கில் பெங்குவின்கள். தாயோ தகப்பனோ இரை தேடிக் கடலுக்குப் போயிருக்கும். குஞ்சுகள் கூட்டமாக நிற்கும். ஒரு பெரிய பெங்குவின் கடலிலிருந்து ஏறி வந்து கத்தியது. இரண்டு குஞ்சுகள் அதை நோக்கி ஓடின. உடனே அது திரும்பி ஓட்டம் பிடித்தது. குஞ்சுகள் விழுந்து எழுந்து துரத்தின.

பறவைகளைப் பற்றிப் பயணிகளுக்கு விளக்கிச் சொல்ல இங்கிரிட் என்று ஒரு நார்வே நாட்டுப் பெண் வந்திருந்தார். “ஏன் ஓடுகிறது? பிள்ளையைப் பிடிக்கவில்லையா?” என்று அவரிடம் கேட்டேன்.

“ஓடட்டும், பாருங்கள்” என்றார்.

ஒரு குஞ்சு களைத்து நின்றுவிட்டது. இன்னொன்று விடாமல் போயிற்று. பாறைக்கு அந்தப் பக்கத்தில் பெரியது நின்றது, குனிந்தது, குஞ்சின் வாயில் இரையைக் கொடுத்தது. ஏன் இப்படிச் செய்கின்றன என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே வேறு வேறு கருத்து உண்டு என்றார் இங்கிரிட். சொந்தக் குஞ்சுதானா என்று பார்க்கவாம். எது அதிகம் பசித்தது என்று தெரிந்துகொள்ளவாம். “தாய் குஞ்சைத் துரத்திப் போவதில்லை. முன்னால் போகிறது. குஞ்சுதான் பின்னால் வருகிறது.”

நான் அன்று மாலை படுக்கையில் மஞ்சள் புடவையை முகத்தில் போட்டுக்கொண்டு கிடந்தேன். புளித்த பால், சாம்பிராணி, கொஞ்சம் மூத்திரம். அந்த வாசனை குறைந்துகொண்டே வருவதாகத் தோன்றியது. முகர்ந்து முகர்ந்து நானே தீர்த்துவிடுகிறேனோ என்று பயந்து மடித்து வைத்தேன்.

கோடை முடியும் தருவாயில், கடைசிப் பயணத்தில்தான் அந்தச் சம்பவம். கப்பலில் ரொட்டி சுடும் மானுவல் சிலி நாட்டுக்காரர், பருத்த ஆள். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. தினமும் முதல் ரொட்டியை என் கையில் கொடுத்து, “சிஸ்டர், பான்” என்பார். பான் என்றால் அவர் மொழியில் ரொட்டி. திரும்பும் வழியில் கப்பல் மீண்டும் அந்தப் பெரிய அலைகளுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயிற்றுவலி. எல்லோருக்கும் வாந்தி, நமக்கும் வாந்தி என்று நினைத்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுப்பு முன்னால் மடங்கி விழுந்த பிறகுதான் தூக்கி வந்தார்கள். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்தார், வயிற்றில் கை வைத்தார். குடல்வால் வெடித்துவிட்டது. துறைமுகம் போய்ச் சேரும்வரை தாங்காது.

கேப்டன் கப்பலின் வேகத்தைக் குறைத்து, முகப்பை அலைக்கு நேராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். பக்கவாட்டு ஆட்டம் குறைந்து, ஏறி இறங்குவது மட்டும் மிஞ்சியது. சாப்பாட்டுக் கூடத்தில் தரையோடு முடுக்கிய ஒரு மேசையில் மானுவலைப் படுக்க வைத்துக் கட்டினோம். பயணிகளில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் மயக்க மருந்தைப் பார்த்துக்கொண்டார். நான் தட்டில் ஈரத்துண்டு விரித்தேன், கருவிகளை வரிசையாக வைத்தேன், நூல் கோத்த ஊசிகளை என் மேலங்கியின் தோளிலேயே சுத்தத் துணி குத்தி அதில் செருகினேன். டாக்டர் கைகழுவி வந்து நின்றார். இடமிருந்து வலமாகப் பார்த்தார்.

“சிஸ்டர், எது முதல் விழும்?”

“நீங்க, டாக்டர்.”

அவர் கட்டுவதற்கு வாகாகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் படுக்கை விரிப்பைச் சுருட்டி அவர் இடுப்பை மேசைக் காலோடு கட்டினேன். ஒரு மாலுமி என்னையும் அப்படியே கட்டினார். அறுவை முடியும்வரை அவர் குரல் உயரவில்லை. அலை ஏறும்போது கத்தியை எடுத்துவிடுவார். இறங்கி அடங்கும் இடைவெளியில் வெட்டுவார். சீழை வடித்து, வயிற்றில் ஒரு குழாயை விட்டுத் தைத்து முடித்தார்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். வயிற்றில் மிச்சமிருக்கும் சீழ் கீழே இறங்கி வடிய வேண்டுமானால் நோயாளி பாதி உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். கப்பல் மறுபடி வழியில் திரும்பியதும் பக்கவாட்டு ஆட்டம் வந்துவிட்டது. தலையணை, மிதவை, கட்டு எல்லாம் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு சாய்விலும் அந்தப் பெரிய உடம்பு சறுக்கியது. தையல் இழுத்தது. மானுவல் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். தையல் பிரிந்தால் அவ்வளவுதான்.

எனக்கு ஒன்று தோன்றியது. சொல்லலாமா என்று தயங்கினேன். சொல்லி, கிழிந்து, ஆள் விழுந்தால்? சொல்லாமல் இருந்து தையல் பிரிந்தால்?

“டாக்டர், கட்டில்ல இருந்தா அவர் விழுவார். தூளி கட்டினா?”

அவர் உடனே மேலே பார்த்தார். கூரையில் தடித்த குழாய்கள் ஓடின. “உன் அக்கா வீட்டு முடிச்சு” என்றார். மாலுமிகளின் தலைவரை அழைத்தார். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய தாத்தா காலம்வரை கப்பலில் எல்லோரும் தொங்கும் படுக்கையில்தானே தூங்கினார்கள். பாய்மரத் துணியைக் கொண்டுவந்து கட்டினார். ஆனால் அது முரட்டுத் துணி. முதுகை அறுத்தது, நீண்டு கிடக்கத்தான் வாகு, பாதி உட்கார வாகில்லை. உள்ளே ஒரு மெல்லிய துணி நீளமாக, ஆளை அணைத்துப் பிடிப்பதாக வேண்டும்.

நான் போய் மஞ்சள் புடவையைக் கொண்டுவந்தேன்.

தூளிக்குள் மானுவல் முழங்கால் சற்று மடங்கி, தலை உயர்ந்து, குழந்தை மாதிரி உட்கார்ந்தார். அவர் ஆடவில்லை. கப்பல்தான் அவரைச் சுற்றி ஆடியது. சுவரும் விளக்கும் மருந்து அலமாரியும் சாய்ந்து சாய்ந்து நிமிர, நடுவில் அவர் மட்டும் ஆல்பட்ராஸ் போல அசையாமல் இருந்தார். நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியாது. “உளுளுளாயி, உளுளுளாயி” என்று, வசந்தியைத் தூளியில் ஆட்டும்போது சொல்வதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மானுவல் கண்ணைத் திறந்து சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கும் என்று சிரிப்பை அடக்கினார். அவர் பிழைப்பார் என்று அப்போதுதான் நம்பினேன்.

துறைமுகத்தில் இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தே இறங்கினார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்குத் தெரியாது.

சீழ் பட்ட துணியைக் கொதிகலன் நெருப்பில் போட வேண்டும் என்பது கப்பல் விதி. டாக்டர் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கொதிக்க வைத்தும் பார்க்கலாம்” என்று மெல்லச் சொன்னார். கொதிக்க வைத்தால் துணி மிஞ்சும். எனக்கு வேண்டியது மிஞ்சாது. ஒரு முனையை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். செய்யவில்லை. நானே கொண்டுபோய் நெருப்பில் போட்டேன். அது சரியா என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார்பாளையத்துக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு காலை நேரம். தெரு முழுக்க நீளமாக அரக்கு நிறப் பாவு நீட்டியிருந்தது. அக்கா வீட்டுப் பாவுதான். தறிக்கு ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். ஈரம் காய்வதற்குள் வேலை முடிய வேண்டும். அதைத் தாண்டக் கூடாது, அடியில் நுழையக் கூடாது. ஓர் இழை அறுந்தாலும் வேலை கெடும். எங்கள் தெருக் குழந்தைகள் நடக்கக் கற்கும்போதே கற்பது அது.

அக்கா பாவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வசந்தி. வளர்ந்திருந்தாள். கொடியில் என் நீலப் புடவை காய்ந்துகொண்டிருந்தது, எத்தனையாவது துவைப்போ.

“வசந்தி” என்று கூப்பிட்டேன்.

அவள் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “ம்மா, யாரு?” என்று அக்காவைத்தான் கேட்டாள்.

அக்காவுக்குக் கண் கலங்கியது. ஆனால் கையில் கஞ்சி ஈரம், எதிரில் பாவு. “அங்கியே இரும்மா. இப்போ இத வுட்டுட்டு வர முடியாது” என்றாள். பிறகு, நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, “சும்மா இன்னாத்துக்கு நின்னுக்கினு இருக்கற? அந்தக் கொடத்த எடுத்துக்கினு போயி கொழாயில தண்ணி கொண்டா. கஞ்சி கெட்டியா போச்சு” என்றாள்.

பெட்டியைக் கீழே வைத்தேன். என் பக்கத்துச் சுவரோரம் பித்தளைக் குடம் இருந்தது. பாவின் அடுத்த முனையைத் தாண்டித்தான் குழாய். மறுபடியும் கூப்பிடலாமா, நான் அழுதால் வருவாளா என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பி நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பக்கத்தில் கொலுசுச் சத்தம் கேட்டது. நான் நின்றால் அது நின்றது. நடந்தால் நடந்தது. பட்டு இழைகளுக்கு அடியில் ஓரக்கண்ணால் இரண்டு சின்னக் கால்களைப் பார்த்தேன். வாய்க்குள்ளேயே “உளுளுளாயி” என்றேன். கொலுசு தயங்கியது, மறுபடி வந்தது.

பாவு முடிந்தது. இருவருக்கும் நடுவில் எதுவும் இல்லை. குடத்தைக் குழாயடியில் வைத்தேன். வசந்தி நேராக வந்து குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

“எங்க கொடம்” என்றாள்.

ஆக, ஸ்டெல்லா, அவள் மறந்துதான் போயிருந்தாள். யாரோ ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றுதான் பின்னாலேயே வந்தாள். எனக்காகவும் ஒரு துளி வந்திருப்பாளோ என்று இன்றைக்கும் சில நாள் யோசிப்பேன்.

“உங்க கொடந்தாம்மா. நீ புடிக்கிறியா?”

பிடித்தாள். விளிம்பில் ஒரு பக்கம் என் கை, ஒரு பக்கம் அவள் கை. அவள் உயரத்துக்குக் குனிந்து, பாவின் அந்தப் பக்கமாக, தெரு நீளத்துக்கும் தண்ணீரைச் சிந்திக்கொண்டே நடந்து வந்தோம். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“பாதித் தண்ணிய ரோட்லயே ஊத்திட்டு வந்துட்டீங்களா ரெண்டு பேரும்?”

ரெண்டு பேரும் என்றுதான் அக்கா சொன்னாள்.